தளர விட்ட கடிவாளம்

எழுப்புதல் வீரர் ஜான் வெஸ்லியின் குதிரைப் பயணங்கள்

 

நாலு தூறல் விழுந்தால் போதும், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். இது எல்லாச் சபைக்கும் தெரிந்த காரியம். இத்தனைக்கும் நமக்குப் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, குடையும் இருக்கிறது. ஏறக்குறைய 280 வருஷங்களுக்கு முன்பு, இவை ஒன்றும் இல்லாமல், ஒரு குதிரையின் முதுகையே நம்பி ஒரு தேசம் முழுவதும் சுற்றித் திரிந்தார் ஒரு தேவ மனிதன். பனியிலும், ஆலங்கட்டி மழையிலும், சேற்றிலும் அவர் போனார். அவர்தான் ஜான் வெஸ்லி. அவர் வாழ்நாளில் பிரயாணம் பண்ணிய தூரம் சுமார் 2,50,000 மைல் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். பூமியைப் பத்து தடவை சுற்றி வந்த தூரம்! அதில் பெரும்பகுதி குதிரையின்மேல்தான்.

அவருடைய ஜீவிய சரித்திரத்தை எல்லாரும் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாம் இந்த மாதம் அந்தக் குதிரையின் பக்கமாக நின்று கொஞ்சம் பார்ப்போமா?

பயந்த மனுஷன்

வெஸ்லி 1703-ம் வருஷம் ஜூன் மாதம் இங்கிலாந்து தேசத்தில், லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வொர்த் என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் சாமுவேல் அந்த ஊர்ச் சபைக் குருவானவர். தாயார் சூசன்னாள் ஜெப வீராங்கனை. அந்தத் தாயார் பெற்ற 19 பிள்ளைகளில் இவர் 15-வது. 1709-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு ராத்திரி அவர்கள் வீடு தீப்பிடித்தது. ஐந்து வயதுப் பையன் ஜான் மட்டும் மாடியில் மாட்டிக்கொண்டான். ஒருவர் தோளின்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாக அவனைத் தூக்கினார்கள். அடுத்த நிமிஷம் கூரை விழுந்தது! அக்கினியிலிருந்து தப்புவிக்கப்பட்ட கொள்ளி என்று அவர் தம்மைக் கடைசிவரை நினைத்துக்கொண்டார்.

படிப்பில் கெட்டிக்காரர். ஆக்ஸ்போர்டில் படித்து, 1726-ல் அங்கேயே லிங்கன் கல்லூரியில் பொறுப்பும் பெற்றார். உபவாசம், ஜெபம், சிறைச்சாலை ஊழியம் என்று ஒழுங்கு தவறாதவர். ஆனால் உள்ளே ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் வெளியே வந்தது எங்கே தெரியுமா? நடுக்கடலில்!

1735-ல் அமெரிக்காவிலுள்ள ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகக் கப்பலேறினார். 1736 ஜனவரியில் பெரும்புயல் கப்பலை அடித்தது. பெரிய பாய் கிழிந்தது, தண்ணீர் தளத்தின்மேல் புரண்டது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். அதே கப்பலில் ஜெர்மனியிலிருந்து வந்த மொரேவியச் சகோதரர்கள் ஆராதனை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பாட்டை நிறுத்தவே இல்லை! அவர்களுடைய பெண்களும் குழந்தைகளும்கூடப் பயப்படவில்லை. குருவானவரான வெஸ்லியோ சாவுக்குப் பயந்தார். மற்றவர்களுக்குப் போதிக்கப் போகிற எனக்கு இந்தச் சமாதானம் இல்லையே என்று உள்ளுக்குள் குத்துண்டார். ஜார்ஜியா ஊழியமும் தோல்வியில் முடிந்தது. 1738-ல் மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்.

அந்த வருஷம் மே 24-ம் தேதி சாயங்காலம், லண்டன் ஆல்டர்ஸ்கேட் வீதியில் ஒரு சின்னக் கூட்டத்துக்கு மனமில்லாமலே போனார். ரோமருக்கு எழுதின நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பதாகக் கால் மணி நேரம் இருந்தது. அவருடைய உள்ளம் அனல்கொண்டது! தன் பாவங்களைக் கிறிஸ்து சுமந்து தீர்த்தார் என்கிற நிச்சயம் கிடைத்தது. அல்லேலூயா!

பிரசங்க பீடம் சேணமாயிற்று

நிச்சயம் கிடைத்தவர் சும்மா இருப்பாரா? ஆனால் சபைகளின் கதவுகள் ஒவ்வொன்றாக அவருக்கு அடைபட்டன. 1739 ஏப்ரல் 2-ம் தேதி, நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு அழைத்தபடியினால், பிரிஸ்டல் பட்டணத்தில் திறந்த வெளியில் நின்று பிரசங்கித்தார். ஒழுங்கு ஒழுங்கு என்று வளர்ந்தவருக்கு அது பெரிய வெட்கம். ஆனாலும் நிலக்கரிச் சுரங்கத்துக் கூலிகள் ஆயிரக்கணக்கில் வந்து கேட்டார்கள். 1742-ல் சொந்த ஊரான எப்வொர்த்திலேயே பீடம் மறுக்கப்பட்டது. என்ன செய்தார்? தகப்பனாரின் கல்லறைமேல் ஏறி நின்று ஒவ்வொரு சாயங்காலமும் பிரசங்கித்தார்!

அன்றிலிருந்து குதிரைதான் அவருக்கு வீடு. லண்டன், பிரிஸ்டல், நியூகாசில் இந்த மூன்றும் அவர் சுற்று வழியின் மூலைகள். காலை நாலு மணிக்கு எழும்புவார். ஐந்து மணிக்குப் பிரசங்கம். அப்புறம் குதிரை ஏறினால் அடுத்த ஊர், அடுத்த கூட்டம். ஆள் பார்க்கப் பெரிய உருவம் இல்லைங்க. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்தான். ஆனால் வருஷத்துக்கு நாலாயிரம், ஐந்தாயிரம் மைல் போவார்.

சும்மா உட்கார்ந்து போகமாட்டார். சரித்திரம், கவிதை, தத்துவம் எல்லாம் குதிரைமேல் உட்கார்ந்தே வாசிப்பார். கையில் புத்தகம் இருக்கும், கடிவாள வாரோ குதிரையின் கழுத்தில் கிடக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நொண்டிய குதிரை

1746 மார்ச் மாதம். நியூகாசிலிலிருந்து தெற்கே வருகிறார். கூட வந்த ஒரு ஊழியர் வியாதிப்பட்டு வழியில் தங்கிவிட்டார். இவருடைய குதிரையும் நொண்ட ஆரம்பித்தது. என்ன கோளாறு என்று பார்த்தும் தெரியவில்லை. காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றது. அப்படியே ஏழு மைல் போனார். களைத்துப் போனார், தலைவலி மண்டையைப் பிளந்தது. அப்போது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. மனுஷனையும் மிருகத்தையும் தேவனால் சுகமாக்க முடியாதா? மருந்தைக் கொண்டும் மருந்தில்லாமலும் அவரால் கூடுமே! அந்த நிமிஷமே தலைவலி போயிற்று. அதே நிமிஷம் குதிரையின் நொண்டலும் நின்றது! அன்றைக்கும் மறுநாளும் அது நொண்டவில்லை.

வெஸ்லி இதைத் தம் நாட்குறிப்பில் எழுதியபோது மிகைப்படுத்தவில்லை. நடந்தது இது, இதற்கு என்ன விளக்கம் சொல்லுவதோ அது அவரவர் பாடு என்கிற விதமாக எழுதி விட்டுவிட்டார். சாட்சி சொல்லுகிறவர்கள் கவனிக்க வேண்டிய பாடம் அது. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். கூட்டிச் சொன்னால்தான் தேவனுக்கு மகிமை என்று இல்லை.

நாலு நாள் பனியில்

1747 பிப்ரவரி 16, திங்கட்கிழமை. லண்டனிலிருந்து எப்வொர்த்துக்குப் புறப்பட்டார்கள். 150 மைலுக்குக் குறையாத தூரம். வடக்குக் காற்று முகத்துக்கு நேராக வீசியது. ஹாட்ஃபீல்டு என்ற ஊர் வந்து சேருவதற்குள் கையும் காலும் மரத்துப்போயிற்று. ஒரு மணி நேரம் இளைப்பாறி மறுபடி ஏறினார்கள். பால்டாக் ஊருக்கு வெளியே வெட்டவெளியில் ஆலங்கட்டி மழை பிடித்தது. கண் திறக்க முடியவில்லை, மூச்சுவிடவும் கஷ்டம். அப்படியும் அன்று மாலை ஆறு மணிக்கு பாட்டன் என்ற ஊரில் பிரசங்கம் பண்ணினார்!

மறுநாள் இன்னும் மோசம். நேற்று விழுந்த பனி பாதையை மூடிவிட்டது. அதன்மேல் உறைந்த பொருக்கு குதிரையைத் தாங்கவும் இல்லை, சுலபமாய் உடையவும் இல்லை. குதிரைகள் விழாமல் நடத்துவதே பெரும்பாடாயிற்று.

குதிரையைப் பழக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். குதிரை இயல்பிலேயே பயந்த பிராணி. ஆபத்து என்று தோன்றினால் நின்று யோசிக்காது, ஓடும். பலத்த காற்றில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதன் காதுக்குப் பிடிபடாது. ஆகவே ஒரு செடி அசைந்தாலும் மிரளும். ஆலங்கட்டி முகத்தில் அடித்தால் வாலைக் காற்றுக்குக் காட்டித் திரும்பி நிற்கத்தான் பார்க்கும். லாடம் அடித்த குளம்பில் பனி உருண்டை உருண்டையாய் அடைத்துக்கொண்டால் கால் வழுக்கும். இத்தனைக்கும் நடுவில், மேலே உட்கார்ந்திருக்கிறவன் நடுங்கினால் அந்த நடுக்கம் தொடை வழியாகவும் கை வழியாகவும் குதிரைக்குள் இறங்கிவிடும். சவாரி பண்ணுகிறவனுடைய பயத்தைக் குதிரை உடனே கண்டுகொள்ளும்!

அந்த செவ்வாய்க்கிழமை மழையும் ஆலங்கட்டியும் சேர்ந்து அடித்ததில் மேலங்கி, உள்ளங்கி, பூட்ஸ் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஈரம் உள்ளே போயிற்று. விழுந்த தண்ணீர் புருவத்திலேயே உறைந்தது. ஸ்டில்டன் ஊர்ச் சத்திரத்தில் வந்து இறங்கும்போது உடம்பில் அசைவில்லை. ஸ்டாம்ஃபோர்டு பக்கம் வந்தபோது பனி மேடு மேடாகக் குவிந்திருந்தது. சில இடங்களில் குதிரையும் ஆளும் முழுகிப்போகிற மாதிரி ஆயிற்று.

புதன்கிழமை காலை வேலையாள் வந்து, இன்றைக்குப் பயணமே கிடையாது, ராத்திரி பெய்த பனியில் பாதைகள் தூர்ந்துவிட்டன என்று சொன்னான். வெஸ்லி என்ன சொன்னார் தெரியுமா? ஏற முடியாவிட்டால் குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு நாளைக்கு இருபது மைலாவது நடக்கலாமே என்றார். அப்படியே கர்த்தருடைய நாமத்தில் புறப்பட்டார்கள். கொஞ்ச தூரம் நடை, கொஞ்ச தூரம் சவாரி என்று கிராந்தம் போய்ச் சேர்ந்தார்கள். போதாக்குறைக்கு அன்று பல்வலி வேறு! வழியில் சந்தித்த ஒரு குருவானவரிடம் வாய் திறந்து பேசக்கூட முடியவில்லை.

வியாழக்கிழமை கடைசிச் சோதனை. எப்வொர்த்துக்கு முன்னால் ஹாக்ஸி என்ற சதுப்பு நிலம். வாய்க்கால்களின்மேல் மெல்லிய பனிக்கட்டி. எங்கே ஆழம், எங்கே துறை என்று தெரியவில்லை. மனுஷனோ மிருகமோ போன அடையாளமே இல்லை. தேவனுடைய கையில் ஒப்புக்கொடுத்து இறங்கினார்கள். ஒவ்வொரு துறையும் சரியாக அகப்பட்டது! ஒரு குதிரையும் விழவில்லை. லண்டனை விட்டபோது இருந்த அதே சுகத்தோடே எப்வொர்த் போய்ச் சேர்ந்தார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்பு கப்பலில் பயந்த அதே மனுஷன்தான் இவர்! புயல் மாறவில்லை, மனுஷன் மாறினார்.

விழுந்ததும் உண்டு

அவர் விழவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1765 டிசம்பர் 18-ம் தேதி லண்டன் தெருவிலே அவருடைய பெண் குதிரை நாலு காலும் ஒரேயடியாக வழுக்கி விழுந்தது. அவர் கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது. வயது அப்போது 62. கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்து தூக்கி உள்ளே கொண்டுபோனார். கை, மார்பு, முழங்கால், கணுக்கால் எல்லாம் கன்றி வீங்கிப்போயிற்று. ஷோரம் என்ற ஊருக்குப் போய், சர்க்கரைப்பாகைத் தினம் இரண்டு வேளை பூசி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து நடந்தார். தேவ மனிதருக்கும் எலும்பு எலும்புதான், சதை சதைதான்.

இன்னொரு விழுகையும் உண்டு. அதைச் சொல்லாமல் மறைத்தால் சரித்திரம் முழுமையாகாது. 1751 பிப்ரவரியில் லண்டன் பாலத்தின் நடுவில் நடந்துபோகும்போது பனியில் சறுக்கி விழுந்து கணுக்காலைக் காயப்படுத்திக்கொண்டார். மேரி வாசேல் என்ற விதவையின் வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள். ஒரு வாரம், பத்து நாளுக்குள் அந்த அம்மாளையே விவாகம் செய்துகொண்டார்! ஆனால் விவாகம் ஆனபின்பும் பயணத்தைக் குறைக்கவில்லை. அந்தக் குடும்ப வாழ்க்கை இருவருக்கும் வேதனையாக முடிந்தது. 1781-ல் அந்த அம்மாள் மரித்தபோது, அடக்கம் முடிந்த பிறகுதான் இவருக்குச் செய்தியே கிடைத்தது. ஆயிரமாயிரம் வீடுகளில் சமாதானத்தைக் கொண்டுபோய் வைத்தவருடைய சொந்த வீட்டில் சமாதானம் இல்லை. ஊழியக்காரர்களே, இதை வாசித்துவிட்டு அப்படியே பக்கத்தைத் திருப்பிவிடாதீங்க. கொஞ்சம் யோசியுங்கள்.

கடிவாளத்தின் ரகசியம்

1770 மார்ச் மாதத்தில் தம் நாட்குறிப்பில் ஒரு விசேஷமான காரியத்தை எழுதினார். முப்பது வருஷமாக ஒரு கேள்வி அவர் மனதில் இருந்தது. நான் வாசித்துக்கொண்டு போகும்போது மட்டும் எந்தக் குதிரையும் இடறுவதில்லையே, ஏன்? யோசித்துப் பார்த்ததில் ஒரே காரணம்தான் தென்பட்டது. வாசிக்கும்போது கடிவாளத்தைத் தளர விட்டுவிடுகிறார். அப்புறம் வேண்டுமென்றே கவனித்தார். ஒரு லட்சம் மைலுக்கு மேல் அப்படிப் போயும், கழுத்தில் வார் தளர்ந்து கிடந்த குதிரை விழுந்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. இரண்டே இரண்டு குதிரைகள் மட்டும் விதிவிலக்கு. அவை எப்படிப் பிடித்தாலும் விழுகிற ஜாதி! கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் குதிரை இடறாது என்று நினைப்பது பெரிய தப்பு என்று முடிவு கட்டினார்.

இது பக்திப் பேச்சு மட்டும் அல்ல, உண்மையும்கூட. குதிரை தன் தலையையும் கழுத்தையும் ஏற்றி இறக்கித்தான் உடம்பைச் சமன்படுத்துகிறது. தலையைத் தாழ்த்தித்தான் தரையைப் பார்க்கிறது. பயந்த மனுஷன் என்ன செய்வான்? இரண்டு கையாலும் வாரை இழுத்துப் பிடிப்பான். குதிரையால் தலையைத் தாழ்த்த முடியாது, பாதை தெரியாது, வாயும் வலிக்கும், இன்னும் மிரளும். விழாமலிருக்க இழுத்த இழுப்பே விழுகைக்குக் காரணமாகிவிடும்!

ஆனால் ஒன்று. தளர விட்டார் என்றால் இறங்கி ஓடிப்போனார் என்று அர்த்தம் இல்லை. சேணத்தில் உறுதியாய் உட்கார்ந்திருந்தார். போகவேண்டிய ஊர் எது என்று அவருக்குத் தெரியும். இழுத்துப் பிடிக்கிறதை மட்டும்தான் விட்டார்.

தறிகெட்டு ஓடிய குதிரைகள்

வயது எழுபதை நெருங்கியபோது உடல்நலக் குறைவினால் குதிரை ஏறுவது குறைந்து, நண்பர்கள் ஏற்பாடு செய்த வண்டியில் போக ஆரம்பித்தார். 1774 ஜூன் 20-ம் தேதி, நியூகாசிலுக்கு அருகே ஒரு வண்டியில் போகிறார். கூடவே அவருடைய மனைவியின் மகளும், அவளுடைய இரண்டு சிறுமிகளும். ஒரு மேட்டின் உச்சியில், காரணம் ஒன்றும் தெரியவில்லை, இரண்டு குதிரைகளும் திடீரென்று மிரண்டு அம்பு மாதிரி கீழே பாய்ந்தன. வண்டிக்காரன் தூக்கி எறியப்பட்டான். கடிவாளம் பிடிக்க ஆளே இல்லை!

இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் பள்ளம். எதிரே ஒரு வண்டி வந்தது, உரசாமல் தாண்டின. அடிவாரத்தில் குறுகலான பாலம், நடுவாகப் போயின. அடுத்த மேட்டில் ஒரு வீட்டின் வாசல் கதவு திறந்திருந்தது, திரும்பி உள்ளே புகுந்தன. முற்றத்தின் மறுபக்கக் கதவு பூட்டியிருந்தது. அதைச் சிலந்திவலை மாதிரி உடைத்துக்கொண்டு தானிய வயலுக்குள் ஓடின. சிறுமிகள் தாத்தா, காப்பாத்துங்க என்று அலறினார்கள். ஒன்றும் ஆகாது, பயப்படாதேயுங்கள் என்று அவர் தேற்றினார். எதிரே செங்குத்தான பள்ளம்! பின்னால் குதிரையில் துரத்திவந்த சிறுமிகளின் தகப்பனார் விளிம்பில் குறுக்கே வந்து நின்றார். குதிரைகள் அப்படியே நின்றுவிட்டன. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் எல்லாரும் கூண்டோடு போயிருப்பார்கள்.

என் வாசிப்பு அறையில் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு பயம் இருக்குமோ, அதற்கு மேல் அந்த வேளையில் எனக்கு இருக்கவில்லை என்கிற கருத்தில் வெஸ்லி எழுதிவைத்தார். 1736-ல் கப்பலில் இல்லாத சமாதானம், 1774-ல் தறிகெட்ட வண்டியில் இருந்தது. பாத்தீங்களா!

குதிரைக்கும் இரக்கம்

தம்மோடிருந்த பிரசங்கிமாருக்கு அவர் ஒரு கட்டளை கொடுத்திருந்தார். குதிரையை விரட்டி ஓட்டக்கூடாது. போய்ச் சேர்ந்ததும் அதன் உடம்பைத் துடைத்துவிட்டார்களா, தீனி போட்டார்களா, படுக்க வைக்கோல் விரித்தார்களா என்று தங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும். லாயக்காரன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடக்கூடாது. தன் மிருகத்தின் உயிருக்குக் கவலைப்படுகிறவன் நீதிமான் என்று நீதிமொழிகள் 12-ம் அதிகாரத்தில் படிக்கிறோமல்லவா? பிலேயாம் தன் கழுதையை அடித்தபோது, வழியில் நின்ற தூதனைக் கண்டது கழுதைதானே! ரோமர் 8-ம் அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கமும் வெளியிட்டார். தவித்துக்கொண்டிருக்கிற சிருஷ்டி முழுவதும், மிருகங்கள் உட்பட, ஒருநாள் விடுதலையாகும் என்பது அதன் சாராம்சம்.

ஓட்டம் முடிந்தது

87-வது வயதிலும் ஓயவில்லை. 1791 பிப்ரவரி 23-ம் தேதி லெதர்ஹெட் என்ற ஊரில் கடைசிப் பிரசங்கம் பண்ணினார். மறுநாள், அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்சுக்கு, சோர்ந்துபோகாதே என்று திடப்படுத்திக் கடிதம் எழுதினார். மார்ச் 2-ம் தேதி லண்டனில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பண்ணிய பிரசங்கங்கள் சுமார் 40,000. அவர் மரித்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக அவருடைய சங்கங்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள்.

அந்த அனல் கடல் தாண்டியது. 1814-ல் அவர் வழிவந்த மிஷனெரிகள் இலங்கையில் இறங்கினார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் தமிழர் நடுவே ஊழியம் தொடங்கியது. 1817-ல் அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் சென்னைக்கு வந்தார். பரிசுத்த வாழ்க்கையைப் பற்றி வெஸ்லி போதித்த போதனையிலிருந்து வளர்ந்த பரிசுத்த இயக்கத்திலிருந்துதான், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெந்தெகொஸ்தே எழுப்புதலும் புறப்பட்டது. ஆக அந்தப் பனியில் நடந்த குதிரைக்கு நாமும் கொஞ்சம் கடன்பட்டவர்கள்தான்!

பிரியமானவர்களே, உங்கள் கையில் இன்று இறுகிப்போயிருக்கிற கடிவாளம் எது? வயசுக்கு வந்த பிள்ளையா? கல்யாணமாகாத மகளின் காரியமா? கடனா, வியாதியா? பயத்தினால் இழுக்க இழுக்க அது இன்னும் மிரளும். வீட்டிலே பேச்சு வளரும், பிள்ளை தூரப்போகும். பொறுப்பை விட்டு இறங்கி ஓடச் சொல்லவில்லை. சேணத்தில் உட்காருங்கள், போகும் ஊரை மறக்காதிருங்கள், கையை மட்டும் தளர விடுங்கள். பாதையை அறிந்தவர் ஒருவர் உண்டு.

அப்படியே, கையில் பிடித்து நடத்துகிறவர்களை, அது பிள்ளையானாலும், வேலையாளானாலும், வாயில்லாத ஜீவனானாலும், ராத்திரி சாப்பிட்டார்களா, படுத்தார்களா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை மழை வந்தாலும் வந்துவிடுங்கள். ஏற முடியாவிட்டால் நடந்தாவது வரலாமே! ஜெபிப்போம். ஆமென்.